எட்டு மாதப் பசி

மார்ச் 3
கடையிலிருந்து

என் புள்ளிக்கு,

நீ போய் இன்றோடு பன்னிரண்டு நாள். போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். உன் தங்கைக்குப் போட்டால், "அக்கா குளிக்கிறா மாமா" என்கிறாள். ஒரு மனுஷி நாளைக்கு ஒன்பது தடவை குளிப்பாளா? அதனால்தான் கடிதம். அச்சடித்த எதையும் படிக்காமல் கீழே வைக்காதவள் நீ. மருந்துச் சீட்டில்கூட விட்டுப்போன புள்ளியைத் தேடி வைப்பவள். கையால் எழுதியதையும் விடமாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என் கையெழுத்தைப் பார். போன வருஷம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதிக்கொண்டிருந்தேனே, வரி முடிவதற்குள் எழுத்து தேய்ந்து காணாமல் போகுமே, அந்தக் கையா இது? இன்று காலை மட்டும் பதினான்கு கண்ணாடி முடித்தேன். எள்ளளவு திருகாணி, ஒரே முயற்சியில் குழியில் போய் உட்கார்ந்தது. நடுக்கம் இருந்த இடமே தெரியவில்லை. கையை நீட்டிக் காட்டலாம் என்று திரும்பினால் பார்க்க நீ இல்லை.

பேக்கரிக்காரம்மா விஷயத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே புரியவில்லை. நான் போனில் எழுதி அனுப்பியதற்கெல்லாம் ஒரு அர்த்தமும் கிடையாது. நீ வா. இன்றே வா. கடிதம் கிடைத்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறு. சமையலறையில் நீ நிற்கிற இடம் காலியாக இருப்பதைத் தாங்க முடியவில்லை. நேற்று மத்தியானம் ஒரு டின் பிஸ்கட் முழுவதையும் தின்று தீர்த்தேன். பசி இல்லை. கை அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. டின் காலியான பிறகு அடியில் இருந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்தேன். உன்னை நினைத்துத்தான் தின்றேன் என்று சொன்னால் சிரிப்பாய். சிரி. ஆனால் வந்து சிரி.

பின்பக்கமும் எழுதியிருக்கிறேன், திருப்பிப் பார்.

உன் கண்ணாடி


மார்ச் 11
தங்கை வீடு

மரியாதைக்குரிய கண்ணாடிக் கடைக்காரருக்கு,

உங்கள் இரண்டு பக்கக் கடிதம் கிடைத்தது. பதினேழு எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. பிழை திருத்துவது என் தொழில் என்பதால் சொல்கிறேனே தவிர, வேறு நோக்கம் இல்லை.

அர்த்தம் கிடையாது என்கிறீர்கள். அன்று நீங்கள் கடையில் இருந்தீர்கள். வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கரிக்காரம்மா வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு மாசமா பொறுத்துப் பாத்துட்டேன். ரொட்டி வாங்குற சாக்குல நாளைக்கு நாலு தடவை வந்து நிக்கிறாரு. வயசுல பெரியவரு, மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வரல. நீங்களே படிச்சுக்கோங்க" என்று போனை நீட்டினார்.

படித்தேன். 'நீ சிரிக்கும்போது கண்ணத்தில் விழும் குழியில் ஒரு நாள் முழுக்க விழுந்து கிடக்கலாம்.' கன்னம் என்று எழுதத் தெரியாதவர் நீங்கள். கண்ணாடிக்காரர், எதை எழுதினாலும் கண்ணில்தான் போய் முடியும். இதே வாக்கியத்தை, இதே மூன்று சுழியோடு, போன ஆகஸ்டில் என் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்தீர்கள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் வரி அது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பிழையைக் கண்ணால் கண்டும் திருத்தாமல் நான் விட்டது அந்த ஒன்றைத்தான்.

எனக்குக் கன்னத்தில் குழி விழாது. அன்றைக்கே முகம் பார்க்கும் கண்ணாடிமுன் போய்ச் சிரித்துப் பார்த்தேன், வெட்கக்கேடு. அந்த அம்மாவுக்கும் விழாது, வாசலில் நின்றபோது கவனித்தேன். யாரை நினைத்து எழுதினீர்கள்?

போன் செய்ய வேண்டாம். தங்கைக்குப் பொய் சொல்ல வரவில்லை, பாவம்.


மார்ச் 20
கடையிலிருந்து

புள்ளி,

யாரையும் நினைத்து எழுதவில்லை. நீ நம்பமாட்டாய். உள்ளே ஏதோ ஒன்று முட்டிக்கொண்டு நின்றது, யார் கண்ணில் பட்டார்களோ அவர்கள்மேல் போய் விழுந்தது. முதலில் நீ இருந்தாய். பிறகு பேக்கரி. நடுவில் டின் டின்னாகப் பிஸ்கட். கடைக்குத் தேவையில்லாமல் நாற்பது கண்ணாடிக் கூடுகள் வாங்கி அடுக்கியிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இப்போது அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றித்தான் போகிறேன். ஆனால் ரொட்டி வேகும் வாசனை வந்துவிட்டால் கால் திரும்பிவிடுகிறது. போகக் கூடாது, போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போகிறேன். நேற்று எதிர்ப்பக்கத் தூண்வரை போய், அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனதைக் கண்டு திரும்பினேன். ஒரு மனுஷி நம்மைக் கண்டு உள்ளே ஒளிகிற நிலைக்கு வந்துவிட்டேனே என்று நடுத்தெருவில் கூசிப்போனேன்.

நான் இடையில் கெட்டுப்போனேனா? இல்லை, ஆரம்பத்திலிருந்தே இப்படிப்பட்டவன்தானா? கை நடுங்கிக்கொண்டிருந்தவரை அடங்கிக் கிடந்தவன், கை சரியானதும் வெளியே வந்துவிட்டானா? உனக்குத்தான் தெரியும். இருபத்தேழு வருஷம் என்னோடு இருந்தவள் நீ.


ஏப்ரல் 8
தங்கை வீடு

இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று பதினோரு நாள் யோசித்தேன்.

கிளம்பிய அவசரத்தில் உங்கள் மாத்திரை டப்பா ஒன்று என் பையில் வந்துவிட்டது. கை நடுக்கத்துக்குப் போன ஜூலையில் புதிதாக ஆரம்பித்தார்களே, அது. போன மாதக் கடைசியில் அச்சகத்திலிருந்து ப்ரூப் தாள்கள் வரவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் முடிந்துவிட்டது, அடுத்தது இன்னும் வரவில்லை. தங்கை தையல் மெஷினை மூடிக் கொடுத்த பலகைதான் என் மேசை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். பொடி எழுத்து. நான்காம் பத்தியில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

'இம்மருந்தை உட்கொள்ளும் சிலரிடம் கட்டுப்படுத்த இயலாத சூதாட்ட நாட்டம், மிகையான உணவு வேட்கை, தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவித்தல், மிகையான காம இச்சை ஆகியவை காணப்படலாம். உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவும்.'

பிழை எதுவும் இல்லை. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

நீங்கள் இந்தத் தாளைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்கமாட்டீர்கள். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவர்.

உடனே டாக்டரிடம் போங்கள். நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து என்று கீழே போட்டிருக்கிறது. பதினோரு நாள் ஏன் யோசித்தேன் என்று பிறகு சொல்கிறேன். சொல்ல முடிந்தால்.


ஏப்ரல் 23
கடையிலிருந்து

புள்ளி,

டாக்டரம்மாவிடம் போனேன். உன் கடிதத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"புதுசா ஏதாவது ஆசை வந்துச்சான்னு போன தடவையே கேட்டேனே?"

"கேட்டீங்களா?"

"கேட்டேன். 'எல்லாம் ஜோரா இருக்கு டாக்டர்'னு சொன்னீங்க. இதோ, எழுதி வெச்சிருக்கேன்."

சொல்லியிருப்பேன். எனக்கு எல்லாம் ஜோராகத்தானே இருந்தது. இந்தத் தடவை ஒன்றுவிடாமல் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். எனக்குப் புரிந்தவரை உனக்கு எழுதுகிறேன்.

மூளையில் டோபமைன் என்று ஒன்று ஊறுகிறதாம். எனக்கு அது வற்றிப்போனதால்தான் நடுக்கம். "இந்த மாத்திரை அந்த டோபமைன் மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு உள்ள போகும். கையை ஓட்டுற இடத்துக்கு மட்டும் போனா நல்லதுதான். ஆனா மூளையில இன்னொரு இடம் இருக்கு, 'வேணும் வேணும்'னு சொல்ற இடம். அங்கயும் போய் உக்காந்துக்கும். சாதாரணமா நமக்குப் பசிச்சா அந்த இடம் குரல் கொடுக்கும், சாப்பிட்டா அடங்கிடும். மாத்திரை உள்ள இருந்தா அடங்காது. எது கண்ணுல பட்டாலும் வேணும்தான்."

பிறகு ஒன்று கேட்டார். "அவ்வளவு பிஸ்கட் தின்னீங்களே, ருசியா இருந்துச்சா?"

யோசித்தேன். ருசியே ஞாபகம் வரவில்லை.

"அதான் விஷயம். வேணும்னு தோணுறது வேற, பிடிக்கிறது வேற. ரெண்டும் ஒரே இடத்துல நடக்கிறதில்ல. பிடிக்காததைக்கூட வேணும் வேணும்னு தேட வெச்சிடும் இது."

"அப்ப நான் செஞ்சது என் தப்பு இல்லையா டாக்டர்?"

"அது எனக்குத் தெரியாது சார். மாத்திரையைக் குறைக்கிறதுதான் என் வேலை."

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். கைக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இவ்வளவு பிரமாதமாகக் கேட்காதாம். திரும்பும் வழியில் பேக்கரிக்குப் போனேன். பயப்படாதே, வாசலில் நின்றுதான் பேசினேன். மருந்து என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. "நான் பண்ணினது தப்பும்மா, இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்றேன். அவர் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே, "சரிங்க அண்ணே. ரொட்டி வேணும்னா சொல்லி அனுப்புங்க, குடுத்து விடுறேன்" என்றார். அவ்வளவுதான். அது போதும்.

நீ கண்டுபிடித்திருக்காவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ. இனி வந்துவிடலாம் அல்லவா?


மே 4
தங்கை வீடு

இல்லை.

மருந்து என்று தெரிந்ததும் கோபம் போய்விடும் என்று நினைத்தீர்கள். கோபம் போய்விட்டது, உண்மைதான். அதனால்தான் பதினோரு நாள் யோசித்தேன். கோபத்தோடு இங்கே உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்தது. இப்போது அதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் பேக்கரியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அதற்கு முன்னால் இருந்ததைப் பற்றிக் கேட்கிறேன். ஜூலையிலிருந்து பிப்ரவரிவரை, எட்டு மாதம். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இருபத்தேழு வருஷத்தில் என் சமையலை நீங்கள் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டு எழுந்து போவீர்கள். ஜூலையில் ஒரு நாள் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றீர்கள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அதன்பிறகு கடையைப் பூட்டிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வர ஆரம்பித்தீர்கள். அடுப்படியில் பின்னால் வந்து நின்று இடுப்பில் கை வைப்பீர்கள். நடுங்காத கை. "என்ன இது, ஜன்னல் தெறந்திருக்கு" என்பேன். "தெறந்திருந்தா என்ன, என் பொண்டாட்டி" என்பீர்கள். என் வயது ஐம்பத்துமூன்று. தலைக்குச் சாயம் வாங்கினேன். ப்ரூப் தாளைப் பார்த்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தேன், ஒரு பக்கத்தில் ஆறு பிழையைக் கோட்டைவிட்டேன். அச்சகத்தில், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

எவ்வளவு காலமாக அதற்குக் காத்திருந்தேன் தெரியுமா? கிடைக்காது என்று முடிவு செய்து, அந்த முடிவோடு சமாதானமாகவும் ஆகிவிட்டிருந்தேன். அப்போது கிடைத்தது.

இப்போது சொல்லுங்கள். அதுவும் மாத்திரையா?

வெளியூரிலிருந்து நம் மகன் போன வாரம் போனில் கூப்பிட்டான். "அப்பா எப்படிம்மா?" என்றான். "கடையில இருக்கார்" என்றேன். நான் எங்கே இருக்கிறேன் என்று அவன் கேட்கவில்லை.


ஜூன் 1
கடையிலிருந்து

புள்ளி,

எழுத்து சின்னதாக இருக்கும், பொறுத்துக்கொள். மத்தியானத்துக்கு மேல் கை கேட்பதில்லை. இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன்.

மாத்திரை அடியோடு நின்றுவிட்டது. இவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. உடம்பு வலி இல்லை. எதுவும் வேண்டாம் என்று இருக்கிறது. காலையில் எழுந்திருக்க வேண்டாம், குளிக்க வேண்டாம், கடை திறக்க வேண்டாம். தட்டில் சோறு இருக்கும், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேக்கரி வாசனை வருகிறது, மழைச் சத்தம் கேட்கிற மாதிரிதான் இருக்கிறது. மருந்தை நிறுத்தினால் இதுவும் வரும், மூளை பழக நாளாகும் என்கிறார் டாக்டரம்மா. பொடித் திருகாணி வேலையெல்லாம் அடுத்த தெருக் கடைக்கு அனுப்புகிறேன். கண் பார்த்து நம்பர் சொல்வதும் கண்ணாடி துடைத்துக் கொடுப்பதும்தான் இப்போது என் வேலை.

உன் கேள்விக்கு வருகிறேன். பொய் சொல்லி உன்னைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். கை இப்படி நடுங்கும்போது பொய்யையும் சேர்த்து எழுதத் தெம்பில்லை.

ஆமாம். மாத்திரைதான். மத்தியானம் ஓடி வந்தது, இடுப்பில் கை வைத்தது, இன்னும் போடு என்றது, எல்லாம்.

ஆனால் முழுவதும் படி. அந்த எட்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். உன் பக்கத்தில் இருக்கும்போதே அடுத்து என்ன, அடுத்து என்ன என்று இருக்கும். நீ பேசியது ஒன்றும் காதில் ஏறவில்லை. டாக்டரம்மா சொன்னாரே, பிடிப்பது வேறு என்று, அது எங்கே இருந்தது என்று தேடினேன். அதற்கும் முன்னால் இருந்தது. நீ சாயங்காலம் ப்ரூப் படிப்பாய், வாய்விட்டு, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து. நான் ஒரு ஃபிரேமைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். துடைத்து முடித்ததையே மறுபடி துடைப்பேன், எழுந்து போக மனம் வராமல். இருபத்தேழு வருஷமும் எனக்கு அது பிடித்திருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. நீதான் எதிரில் இருந்தாயே.


ஜூன் 11
தங்கை வீடு

படித்தேன். அழுதேன். பிறகு கோபம் வந்தது. நல்லவேளை, அது இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஒரு ஃபிரேமை இரண்டு தடவை துடைத்தீர்கள். அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுந்து போகாமல் இருந்ததை, வேலை முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இருபத்தேழு வருஷமும் அப்படித்தான் நினைத்தேன்.

பிடித்திருந்தது என்கிறீர்கள். நாற்காலிகூடப் பிடித்திருக்கும். என்னை ஒருவர் வேண்டும் என்று நினைக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும். இந்த வயதில் இதைக் கேட்க வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். எழுதிய பிறகு இல்லை. ஒரு தடவை அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டுவிட்டேன். இனி தெரியாதவள் மாதிரி அந்த அடுப்படியில் போய் எப்படி நிற்பது?

உங்களைப் பழிக்கவில்லை. சாப்பிடுங்கள். ஆசை இல்லாவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.


ஜூன் 26
கடையிலிருந்து

புள்ளி,

டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். பழைய மாத்திரையைக் குறைந்த அளவில் திரும்ப ஆரம்பிக்கலாமாம். ஒரே நிபந்தனை, கூட இருக்கிறவர் கவனிக்க வேண்டும். எல்லை மீறுகிற மாதிரி இருந்தால் உடனே சொல்ல வேண்டும். கையும் சரியாகும்.

நீ கூட இருந்தால் போதும். பேக்கரிப் பக்கம் போகாமல் நீ பார்த்துக்கொள்வாய். போனை உன்னிடமே கொடுத்துவிடுகிறேன். அந்த எட்டு மாதம் உனக்கு வேண்டும் என்றால், அது மேஜை டிராயரில்தான் இருக்கிறது, இரண்டு அட்டை மாத்திரை. நான் இன்னும் தொடவில்லை. நீ சரி என்றால் ஆரம்பிக்கிறேன்.

எனக்கு வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. எனக்கு இப்போது எதுவும் வேண்டும் என்று தோன்றுவதில்லை. உனக்காகச் சொல்கிறேன்.


ஜூலை 4
தங்கை வீடு

உங்கள் கடிதத்தை மூன்று நாள் ப்ரூப் தாள்களுக்கு நடுவில் வைத்து எடுத்து எடுத்துப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், ஆசைப்பட்டேன். இரண்டாம் நாள் பெட்டியைக்கூட வெளியே எடுத்துவிட்டேன். தங்கை பார்த்துவிட்டு, "கிளம்பிட்டியா?" என்றாள். முகத்தில் சந்தோஷம், பிறகு சந்தோஷப்பட்டதற்காக வெட்கம். ஐந்து மாதம் ஒரு அறையைக் கொடுத்திருக்கிறாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

பெட்டியைத் திரும்ப மேலே வைத்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். நானே தண்ணீர் கொண்டுவந்து மாத்திரையைக் கையில் கொடுப்பேன். பிறகு நீங்கள் பின்னால் வந்து இடுப்பில் கை வைப்பீர்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், எத்தனை மணிக்குப் போட்டது, எவ்வளவு நேரம் தாங்கும் என்று. வெளியே போனால் எந்தத் தெருவில் திரும்புகிறீர்கள் என்று ஜன்னலில் நின்று பார்ப்பேன். பெண்டாட்டி வேலை போய்க் காவல்காரி வேலைதான் மிஞ்சும். அந்த எட்டு மாதம் எனக்கு இனிப்பாக இருந்ததே, எனக்கு எதுவும் தெரியாமல் இருந்ததால்தான். அந்தத் தெரியாமையை எந்தக் கடையில் போய் வாங்குவது?

கைக்காக அந்த மாத்திரை வேண்டும் என்றால் அது உங்களுக்கும் டாக்டருக்கும் உள்ள விஷயம். எனக்காக வேண்டாம். டிராயரில் இருக்கிற இரண்டு அட்டையையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இனிமேல் கடிதமும் வேண்டாம், அது என்னைச் சமாதானப்படுத்த எழுதுகிற கடிதமாக இருந்தால். நான்கு நாள் உட்கார்ந்து கஷ்டப்பட்டுக் கடமைக்கு எழுதாதீர்கள். எனக்கும் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.


ஆகஸ்ட் 10
கடையிலிருந்து

புள்ளி,

எழுத வேண்டாம் என்றாய். ஐந்து வாரம் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

மாத்திரை அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கை ஒரு மாதிரி இருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம் நன்றாகக் கேட்கிறது. போன வாரம் ஒரு திருகாணியை நானே போட்டேன். ஏழாவது முயற்சியில் உட்கார்ந்தது. கண்ணாடிக்குச் சொந்தக்காரர் அவசரமில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நல்ல மனுஷன்.

நேற்று டாக்டரம்மாவிடம் போயிருந்தேன். கேள்வித்தாள் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். "சாப்பாட்டுல ஆசை வந்துச்சா?" இல்லை. "பாட்டு கேக்கணும், யாரையாவது பாக்கணும்னு?" இல்லை. "எதுக்காவது மனசு துடிச்சுதா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல." இல்லை டாக்டர் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தேகால். எழுந்துவிட்டேன். "இருங்க, இன்னும் முடியல" என்றார். "போகணும் டாக்டர், பதினோரு மணிக்குள்ள கடைக்குப் போகணும்" என்றேன். "கடையில என்ன?" என்றார். "தபால்காரர் வருவார்" என்றேன்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன், கதவில் கை வைத்தபடி.

அவர் பேனாவை மேலே தூக்கி, "எதுவும் இல்லைன்னு இப்பத்தான் சொன்னீங்க" என்றார்.

எனக்கே தெரியாது புள்ளி. பத்தரையானால் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். வாடிக்கையாளர் வந்தால் கொஞ்சம் இருங்கள் என்கிறேன். தெருமுனையில் சைக்கிள் திரும்புகிறதா என்று பார்க்கிறேன். தபால்காரர் இப்போதெல்லாம் தூரத்திலேயே தலையாட்டிவிடுகிறார், இல்லை என்று. அதன்பிறகு உள்ளே போய் ஒரு வேலையும் ஓடாது. ஐந்து வாரமாக இது நடக்கிறது. நான் இதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆசை என்றால் ஓட்டம், வெறி, டின்னைக் காலி செய்வது என்று பழகிப்போயிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதற்கும் அதே பெயர்தானா என்று டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை, பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

நேற்றும் கடிதம் இல்லை.

எனக்கு நீ எழுத வேண்டும். உனக்காக இல்லை, எனக்கு வேண்டும். நீ வர வேண்டும். நீ ப்ரூப் படிக்கிற சத்தம் வேண்டும். பிடித்திருந்தது என்று யாரிடமோ சொல்கிற மாதிரி இனிமேல் சொல்லமாட்டேன், பிடித்திருக்கிறது என்று உன்னிடமே சொல்கிறேன். இடுப்பில் கை வைத்தால் நடுங்கும். அதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.


ஆகஸ்ட் 17
தங்கை வீடு

உங்கள் கடிதம் நேற்று வந்தது. எறும்பு எழுத்து. தங்கை வீட்டுக்காரரின் பூதக்கண்ணாடியை வாங்கிப் படித்தேன். 'வேண்டும்' என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னதாக இருக்கிறது, கடைசியில் இருப்பது வெறும் கோடு மாதிரி. எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். இது சமாதானம் ஆகிவிட்டதாக இல்லை. இரண்டு வாரம் இருந்து பார்க்கிறேன். ஒரு புதுப் புத்தகத்தின் ப்ரூப் கையோடு வருகிறது, முந்நூறு பக்கம், அதை முடிக்க எனக்கு அமைதியான ஒரு மேசை வேண்டும். நாற்பது கண்ணாடிக் கூடுகளையும் மேசைமேலிருந்து எடுத்து வையுங்கள். சமையலறையில் என்னென்ன தீர்ந்துபோயிருக்கிறது என்று நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் எதையும் வாங்கி அடுக்க வேண்டாம்.

நடுங்கினால் நடுங்கட்டும். என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்களே. வைத்துப் பார்ப்போம்.

வண்டி இரண்டு மணிக்கு வந்து சேரும். பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம். படிகள் அதிகம், கூட்டமும் இருக்கும், விழுந்துவைத்தால் யார் தூக்குவது? மனைவி வருகிறாளே, போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று தோன்றினால் வீட்டிலேயே இருங்கள், எனக்கு வழி தெரியும். வராமல் இருக்க முடியாது என்று தோன்றினால் மட்டும் வாருங்கள்.

எதற்கும் நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வருகிறேன்.